கோடை நாலு மாதம்: தோட்டத்துக் குருவிகளுக்குச் செய்ய வேண்டியதும் செய்யாமல் விட வேண்டியதும்

விடிய இன்னும் அரைமணி நேரம் இருக்கும்போதே மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலோ எதிர்வீட்டு டிஷ் ஆன்டெனாவிலோ உட்கார்ந்து ஒரு குருவி விசிலடிக்கத் தொடங்கும். ஒரே மெட்டைத் திருப்பித் திருப்பிப் பாடாது. கொஞ்சம் மாற்றி, கொஞ்சம் நீட்டி, நடுவில் வேறு பறவையின் குரலையும் சேர்த்துக்கொள்ளும். கறுப்பு உடம்பு, வெள்ளை வயிறு, அடிக்கடி தூக்கி நிமிர்த்தும் வால். அதுதான் ஆண் குண்டுக்கரிச்சான். சில ஊர்களில் வண்ணாத்திக்குருவி என்பார்கள். மாசிக் கடைசியில் இந்தப் பாட்டு காதில் விழுந்தால் உங்கள் தெருவில் கூடு கட்டும் காலம் ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

பஞ்சாங்கப்படி இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். தமிழ்நாட்டுச் சமவெளியில் குருவிகளின் வேனில் அதைவிடக் கொஞ்சம் நீளம்: மாசிக் கடைசியிலிருந்து ஆனி வரை. வேம்பும் புங்கனும் பூக்கிற காலம் இது. பூவைத் தேடிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிக் குருவி வரும். அதனால் புதிதாக ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க, ஐரோப்பியக் காணொளிகளைப் பார்த்துவிட்டுத் தீனிக்கூண்டு வாங்க ஓடுகிறோம். அங்கே பனிக்காலத்தில் தீனிக்குத் தட்டுப்பாடு. இங்கே கோடையில் தட்டுப்பாடு தண்ணீருக்கும், கூடு கட்ட மறைவான இடத்துக்கும்தான். என்னைக் கேட்டால், இந்த நாலு மாதத்தில் நாம் செய்ய வேண்டிய வேலையில் பாதி, வழக்கமாகச் செய்யும் சில வேலைகளை நிறுத்திவைப்பதுதான்.

முதலில் யார் வருகிறார்கள் என்று பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வாரம் காலையில் பத்து நிமிஷம் காப்பியோடு உட்கார்ந்து கவனியுங்கள். சென்னையோ மதுரையோ தஞ்சாவூரோ, நாலு செடி இருக்கிற வீட்டுக்கு வரும் பாட்டுக்காரர்கள் ஏறக்குறைய ஒரே கூட்டம்தான்.

கட்டைவிரல் அளவு உடம்பை வைத்துக்கொண்டு ஊரையே எழுப்பும் குரலில் ‘டுவிட் டுவிட் டுவிட்’ என்று கத்துவது தையல்சிட்டு. முதுகு இலைப்பச்சை, உச்சந்தலை துருநிறம், செங்குத்தாக நிற்கும் வால். செம்பருத்திப் பூவில் தொற்றிக்கொண்டு வளைந்த அலகை நுழைப்பது தேன்சிட்டு. ஊதாப்பிட்டுத் தேன்சிட்டும் ஊதாத் தேன்சிட்டும் சமவெளியில் சாதாரணம். தலையில் சின்னக் கொண்டை, வாலடியில் சிவப்பு என்றால் கொண்டைக்குருவி. சின்னான் என்றும் பெயர். தவிட்டு நிறத்தில் ஏழெட்டுப் பேராகச் சேர்ந்து சருகைப் புரட்டிக்கொண்டு ஓயாமல் சண்டை போடுவதுபோல் பேசுபவை தவிட்டுக்குருவிகள். சிட்டுக்குருவியைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

குயில் இந்தப் பட்டியலில் சேராது. அறிவியல் வகைப்பாட்டில் அது பாட்டுப்பறவை வரிசையிலேயே இல்லை, காகம்தான் இருக்கிறது! குயிலை ரசிப்பவர்கள் காகத்தை விரட்டுவதில் கொஞ்சம் நிதானம் காட்டலாம். குயில் முட்டையிடுவதே காக்கைக் கூட்டில்தான்.

குளிர்கால விருந்தாளிகளான மாங்குயில், ஆறுமணிக்குருவி போன்றவை வேனில் சூடேறும்போது வடக்கே கிளம்பிவிடும். திடீரென்று அவற்றைக் காணோமே என்று கவலைப்பட வேண்டாம். குரலை வைத்துப் பெயர் கண்டுபிடிக்க மெர்லின் என்ற இலவசச் செயலி இருக்கிறது. அது சொல்வதைக் கண்ணால் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

தண்ணீர்: இது மட்டும் கட்டாயம்

ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால் தண்ணீர் வையுங்கள். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண் தட்டு போதும். ஆழம் ஓர் அங்குலத்திலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். அதைவிட ஆழமான பாத்திரம்தான் இருக்கிறது என்றால் நடுவில் ஒரு கருங்கல்லைப் போட்டுவிடுங்கள்; தேன்சிட்டும் தையல்சிட்டும் கல்லின்மேல் நின்று குடிக்கும். எவர்சில்வர், பிளாஸ்டிக் வேண்டாம். மத்தியானம் தொட முடியாத சூடாகிவிடும், காலும் வழுக்கும்.

இடம் முக்கியம். நிழலில் வையுங்கள். பக்கத்தில் பறந்துபோய் உட்கார ஒரு கிளை வேண்டும், ஆனால் பூனை பதுங்குகிற புதருக்கு ஒட்டி வைக்கக் கூடாது. புதருக்கும் தட்டுக்கும் ஆறடி இடைவெளி இருந்தால் குருவிக்குத் தப்பிக்க அவகாசம் கிடைக்கும். தவிட்டுக்குருவிகள் குடும்பமாக வந்து குளிக்கும். குளித்து முடித்தால் தட்டில் தண்ணீர் இருக்காது, எச்சம்தான் இருக்கும். ஆகவே காலையில் ஒருமுறை, உச்சிவெயிலுக்கு முன் ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும்.

கொசு வருமே என்று வீட்டில் கேட்பார்கள். கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரமாவது ஆகும். தினமும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, தேங்காய் நாரால் ஒரு தேய் தேய்த்துப் புதுத் தண்ணீர் ஊற்றினால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. சோப்பு வேண்டாம். தேனீக்களும் குடிக்க வரும். அவை பாட்டுக்கு வந்து போகட்டும்.

திறந்து கிடக்கும் டிரம், வாளி, தொட்டி எல்லாவற்றையும் மூடுங்கள். மூட முடியாவிட்டால் ஒரு மரத்துண்டை மிதக்கவிடுங்கள். தாகத்தில் விளிம்பில் உட்கார்ந்து எட்டிக் குனியும் குருவி உள்ளே விழுந்தால் வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் ஏறி வர முடியாது.

ஒட்டடைக் கம்பைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள்

தையல்சிட்டுக்கும் தேன்சிட்டுக்கும் கூடு கட்டச் சிலந்தி நூல் வேண்டும். அதுதான் அவற்றின் பசை, கயிறு எல்லாம். நாம் யுகாதி, தமிழ்ப் புத்தாண்டு என்று வீட்டைச் சுற்றிச் சுத்தம் செய்து சன்ஷேடு அடியிலும் வேலி மூலையிலும் இருக்கிற ஒட்டடையை மிச்சமில்லாமல் வழித்தெடுப்பது சரியாக அந்தக் காலத்தில்தான். வீட்டுக்குள் அடித்துக்கொள்ளுங்கள். வெளிச்சுவர், மாட்டுக்கொட்டகை, கார் நிற்கும் இடத்து மேல்மூலைகளை ஆனி வரை விட்டுவையுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. தேன்சிட்டின் கூட்டைப் பார்த்தால் கூடு என்றே தோன்றாது. துணிக்கொடியிலோ பழைய கேபிள் ஒயரிலோ போகன்வில்லாக் கிளை நுனியிலோ ஒரு கையளவு குப்பை தொங்கும்: காய்ந்த புல், மரப்பட்டைத் துணுக்கு, புழுவின் எச்சம், எல்லாவற்றையும் சிலந்தி நூலால் சேர்த்துப் பிடித்த ஒரு பை. பக்கவாட்டில் ஓர் ஓட்டை, அதற்குமேல் வெயில் படாமல் சின்னத் தாழ்வாரம். எதிரியை ஏமாற்றத்தான் அந்தக் குப்பை வேஷம். ஏமாறுவது பெரும்பாலும் வீடு கூட்ட வருபவர்கள். துடைப்பத்தால் ஒரே தட்டு. வேலைக்கு வரும் அக்காவிடம் மாசியிலேயே கூட்டைக் காட்டிச் சொல்லிவைத்துவிடுங்கள். ஒருமுறை உள்ளிருந்து அலகு நீட்டுவதைப் பார்த்துவிட்டால் அப்புறம் அவர்தான் அதற்குக் காவல்.

சருகையும் அப்படியே விடுங்கள். முழுத் தோட்டத்திலும் வேண்டாம், மாமரத்தடியிலோ சுவர் ஓரத்திலோ ஒரு பாத்தி அளவு போதும். தவிட்டுக்குருவிக்கும் குண்டுக்கரிச்சானுக்கும் அதுதான் சமையலறை.

பூச்சிமருந்து இந்த நாலு மாதம் கூடவே கூடாது. தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் பெரும்பாலும் பூச்சியையும் புழுவையும்தான் ஊட்டுகிறது. எலுமிச்சை, கறிவேப்பிலைக் கன்றில் பச்சைப் புழு இலையைக் கடித்தால் பதறாதீர்கள். அது வண்ணத்துப்பூச்சியின் புழு. பாதி வண்ணத்துப்பூச்சியாகும், பாதி குருவிக்குஞ்சின் வாய்க்குள் போகும். செடி மறுபடி தழைத்துக்கொள்ளும்.

தீனி

தீனி வைப்பதில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. மேலே சொன்ன பாட்டுக்காரர்களில் சிட்டுக்குருவியைத் தவிர யாரும் தானியத்தைத் தேடி வருவதில்லை. அடுக்குமாடி பால்கனியில் தானியம் இறைத்தால் ஒரே வாரத்தில் மாடப்புறாக் கூட்டம் குடியேறும், பிறகு சின்னக் குருவிகள் அந்தப் பக்கம் தலைகாட்டா. உங்கள் தெருவில் சிட்டுக்குருவியோ சில்லையோ இருப்பதைப் பார்த்திருந்தால் மட்டும் காலையில் ஒரு கைப்பிடி கம்பு, தினை, நொய்யரிசி வையுங்கள். சாயங்காலம் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரவில் எலி வரும். பச்சரிசி வயிற்றில் ஊறி வெடித்துவிடும் என்பது கட்டுக்கதை.

பழம் வேறு விஷயம். பழுத்த பப்பாளியில் ஒரு கீற்று, தோலோடு பாதி வாழைப்பழம், இவற்றைக் கிளையில் குத்தி வைத்தால் கொண்டைக்குருவியும் குக்குறுவானும் வரும். மிக்சர், முறுக்கு, பிஸ்கட், பிரெட், பால் எதுவும் வேண்டாம். தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் கலந்து தொங்கவிடுவதைவிட ஒரு செம்பருத்திச் செடி மேல்.

காக்கைக்குச் சோறு வைக்கிற வழக்கம் உள்ள வீடு என்றால் வையுங்கள், ஆனால் கூடு இருக்கும் பக்கம் வைக்காதீர்கள். சோற்றுக்கு வந்த காகம் சும்மா இருக்காது. குருவி அலகில் புழுவோடு எந்தப் புதருக்குள் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும்.

செடி

புதிதாக நடுவதானால் மழைக்காலத்தில் நடுங்கள், அடுத்த கோடைக்கு உதவும். ஒற்றையடுக்குச் செம்பருத்தியும் இட்லிப்பூவும் தேன்சிட்டுக்கு. முருங்கை பூத்தால் தேன்சிட்டு, கம்பளிப்புழு, அதைத் தின்ன வருபவர்கள் என்று ஒரு ஊரே கூடும். கறிவேப்பிலையைக் கொத்துக் கொத்தாகப் பூக்கவிட்டால் காய் பழுத்துக் கறுக்கும்போது கொண்டைக்குருவியும் குயிலும் ஒன்று விடாமல் காலி செய்யும். வேலியில் கோவைக்கொடி தானாக ஏறினால் வெட்டாதீர்கள். கூடு கட்ட மறைவு வேண்டும் என்றால் மருதாணி வேலியை மிஞ்ச எதுவுமில்லை. முள்ளும் அடர்த்தியும் பூனையைத் தள்ளி நிறுத்தும். உண்ணிச்செடி அழகாகப் பூக்கும், குருவியும் வரும். ஆனாலும் நடாதீர்கள், அதன் விதையைக் குருவிகளே சுமந்துபோய்க் காடெல்லாம் பரப்பிவிட்டன.

வெட்டுவதில்தான் கட்டுப்பாடு வேண்டும். பங்குனி முதல் ஆனி வரை வேலி கத்தரிப்பது, கிளை கழிப்பது எதுவும் வேண்டாம். ஒயரில் உரசுகிறது, வெட்டியே ஆக வேண்டும் என்றால் அரிவாள் வைக்கும் முன் பத்து நிமிஷம் தள்ளி நின்று பாருங்கள். ஒரே கிளைக்குள் ஒரு குருவி திரும்பத் திரும்பப் போய் வந்தால் உள்ளே கூடு இருக்கிறது.

கூட்டுப்பெட்டி யாருக்கு?

பொந்தில் கூடு வைப்பவர்களுக்கு மட்டும்தான் பெட்டி. நம் கூட்டத்தில் அது சிட்டுக்குருவியும் குண்டுக்கரிச்சானும். தையல்சிட்டும் தேன்சிட்டும் கொண்டைக்குருவியும் எவ்வளவு அழகான பெட்டி வைத்தாலும் திரும்பிப் பார்க்காது.

மரப்பெட்டியாக இருக்கட்டும். முக்கால் அங்குலப் பலகை, உள்ளே ஐந்தங்குலச் சதுரம், எட்டு முதல் பத்தங்குல உயரம். சிட்டுக்குருவிக்கு வாசல் ஒன்றேகால் அங்குலம், குண்டுக்கரிச்சானுக்கு இரண்டங்குலம். அதற்குமேல் பெரிதாக்கினால் மைனாவுக்கு வீடு கட்டிக்கொடுத்ததாக முடியும். வாசலுக்குக் கீழே உட்காரக் குச்சி வைத்து விற்கிறார்கள், அது வேண்டாம். குருவிக்கு அது தேவையில்லை, அதில் நின்று உள்ளே அலகு விடுவது காகம்தான். அடிப்பலகையில் நாலு சின்ன ஓட்டை, கூரைக்குக் கீழே காற்றுப்போக இடைவெளி. தகரம், பிளாஸ்டிக், பி.வி.சி. குழாய் எதுவும் நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு ஆகாது. உள்ளே குஞ்சு வெந்துபோகும்.

எட்டடி முதல் பத்தடி உயரத்தில், சன்ஷேடு அடியில், கிழக்கு அல்லது வடக்கு பார்த்து மாட்டுங்கள். மேற்கு வெயில் படவே கூடாது. சீலிங் ஃபேன் ஓடுகிற அறை, அதற்கு வழியாகும் ஜன்னல், இவற்றிலிருந்து தூரமாக. சிட்டுக்குருவி கூட்டமாக வாழ்வது, அதனால் சில அடி தள்ளித் தள்ளி இரண்டு மூன்று பெட்டிகள் வைக்கலாம். உள்ளே வைக்கோல் திணிக்க வேண்டாம், அதுவே கொண்டுவரும். தேங்காய் நார், காய்ந்த புல், பஞ்சு இவற்றைக் கொஞ்சம் வெளியே கிளையில் செருகி வைத்தால் எடுத்துக்கொள்ளும். நைலான் நூலும் தலைமுடியும் கண்ணில் பட்டால் அப்புறப்படுத்துங்கள். குஞ்சின் காலில் சுற்றி இறுக்கிவிடும்.

2010 முதல் மார்ச் 20-ஐ உலகச் சிட்டுக்குருவி நாளாகக் கொண்டாடுகிறோம். அன்று இலவசமாகக் கிடைத்த பெட்டிகள் பல, மொட்டைமாடி வெயிலில் காலியாகத் தொங்குகின்றன. சுற்றுவட்டாரத்தில் சிட்டுக்குருவியே இல்லாத இடத்தில் பெட்டி மாட்டினால் வானத்திலிருந்து யாரும் இறங்கி வரப்போவதில்லை. முதலில் தெருவில் இருக்கிறதா என்று பாருங்கள். மளிகைக்கடை வாசல், பழைய ஓட்டு வீட்டு இறவாணம், இங்கெல்லாம் இருக்கும். இருந்தால் மாட்டுங்கள்.

கூடு கட்டிய பிறகு

தையல்சிட்டு தைப்பதைப் பார்க்க வாய்த்தால் விடாதீர்கள். இடுப்பு உயரத்தில் இருக்கும் கத்தரி, கொய்யாக் கன்று, நந்தியாவட்டை போன்ற செடியில் ஒரு பெரிய இலையைப் பெண் பறவை தேர்ந்தெடுக்கும். இலையின் இரண்டு விளிம்பையும் சேர்த்து வளைத்து, ஊசி அலகால் ஓரத்தில் பொட்டுப் பொட்டாகத் துளையிடும். பிறகு பஞ்சு நாரையோ சிலந்தி நூலையோ துளைக்குள் தள்ளி இழுக்கும். முடிச்சுப் போடுவதில்லை. மறுபக்கம் வந்த நூல் நுனி பிசிறி விரிந்து துளையில் பிடித்துக்கொள்ளும். துளை அவ்வளவு நுணுக்கமானது என்பதால் இலை வாடாது, பச்சையாகவே இருக்கும். பக்கத்து இலைகளிலிருந்து பிரித்தறிய முடியாது. உள்ளே பஞ்சு மெத்தை, அதில் மூன்று நாலு முட்டை. செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது குழாயை மேலே பீய்ச்சாமல் வேரில் மட்டும் விடுங்கள். இலை காய்ந்தால் கூடும் போச்சு.

இந்தச் சின்னக் குருவிகள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக்கணக்கு வைத்துக்கொள்ளலாம். அடைகாக்க ஏறக்குறைய இரண்டு வாரம், குஞ்சு வளர்ந்து வெளியேற இன்னொரு இரண்டு வாரம். அந்த ஒரு மாதம் நாம் கொஞ்சம் விலகி இருந்தால் போதும். தினமும் இலையை விலக்கிப் படம் எடுக்காதீர்கள். நம் நடமாட்டத்தைக் காகமும் செம்போத்தும் கவனிக்கும். செம்போத்து முட்டையையும் குஞ்சையும் தேடித் தின்பதில் கெட்டிக்காரன். கூட்டுக்கு நேராக எரியும் விளக்கை இரவில் அணைத்துவிடுங்கள். 2020-ல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு கரிச்சான் இனக் குருவி முட்டையிட்டபோது, குஞ்சு பறக்கும்வரை ஒரு மாதத்துக்கும் மேல் ஊரே தெருவிளக்கு இல்லாமல் இருந்தது. நம்மால் ஒரு வாசல் விளக்கை அணைக்க முடியாதா?

வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் விடியற்காலையிலும் சாயங்காலத்திலும் அதை உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும். மணி கட்டினால் பறக்கத் தெரிந்த குருவி தப்பும், குஞ்சு தப்பாது.

பைக் கண்ணாடியில் ஒரு தேன்சிட்டோ கொண்டைக்குருவியோ மணிக்கணக்கில் முட்டி மோதுவதைப் பார்த்திருப்பீர்கள். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டது என்று பிம்பத்தோடு போடும் சண்டை அது. தீனி தேட வேண்டிய நேரமெல்லாம் அதில் போய்விடும். வண்டியை நிறுத்தியதும் கண்ணாடிக்குப் பழைய சாக்ஸை மாட்டிவிடுங்கள், தீர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பார், பரவாயில்லை.

குஞ்சு கீழே கிடந்தால்

வைகாசியில் அதிகம் வரும் கேள்வி இதுதான். முதலில் இறகைப் பாருங்கள். உடம்பு முழுக்க இறகு, கட்டை வால், தத்தித் தத்தி ஓடுகிறது என்றால் அது விழவில்லை, பறக்கப் பழகுகிறது. தாய் பக்கத்திலேயே இருக்கும். பூனை, நாய் இருக்கிற இடமென்றால் எடுத்து அருகிலுள்ள கிளையில் உட்காரவைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இறகு முளைக்காத, கண் திறக்காத குஞ்சு என்றால் கூட்டில் திரும்ப வைக்க வேண்டும். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது தவறான நம்பிக்கை, தயங்காமல் எடுங்கள். கூடே பிய்ந்து விழுந்திருந்தால் ஒரு கொட்டாங்குச்சியில் அடியில் ஓட்டை போட்டு, காய்ந்த புல்லோடு கூட்டின் மிச்சத்தையும் வைத்து, பழைய இடத்துக்கு முடிந்தவரை பக்கத்தில் கட்டுங்கள். ஒரு மணி நேரம் தூரத்திலிருந்து பாருங்கள். பெரும்பாலும் தாய் திரும்ப வந்து ஊட்டும்.

அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பால், சோறு எதுவும் கொடுக்காதீர்கள். அடிபட்டிருந்தாலோ பூனை கடித்திருந்தாலோ காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வைத்து, உங்கள் மாவட்ட வனத்துறை அலுவலகத்தையோ கால்நடை மருத்துவரையோ அணுகுங்கள். சென்னையில் வேளச்சேரியில் புளூ கிராஸ் இருக்கிறது. பாசத்தில் கூண்டிலேயே வைத்து வளர்த்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டுக் காட்டுப்பறவைகளைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

காகம் ஒன்று தன்னைப் போலில்லாத புள்ளிபோட்ட குஞ்சுக்கு ஊட்டினாலும், தவிட்டுக்குருவிக் கூட்டத்தின் பின்னால் பெரிய குஞ்சொன்று கத்திக்கொண்டே அலைந்தாலும் தலையிடாதீர்கள். முன்னது குயில், பின்னது அக்காக்குயிலாக இருக்கும். யாரும் வழிதவறவில்லை.

ஆனி முடிந்ததும்

சில ஜோடிகள் ஒரே பருவத்தில் இரண்டாம் முறையும் முட்டையிடும். அதனால் முதல் குஞ்சுகள் பறந்த கையோடு பெட்டியைக் கழற்றாதீர்கள். ஆடியில் இரண்டு வாரம் கவனித்து, யாரும் போய் வரவில்லை என்று உறுதியானபின் இறக்கி, பழைய கூட்டை எடுத்துப் போட்டு, கொதிநீர் ஊற்றிக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். பேன், உண்ணி எல்லாம் அதில்தான் தங்கும். வேலி கத்தரிப்பதும், கிளை கழிப்பதும், தள்ளிவைத்த ஒட்டடை அடிப்பதும் அப்போது செய்துகொள்ளலாம். ஆடிப்பட்டத்துக்கு இடம் ஒதுக்கும்போது ஒரு கறிவேப்பிலைக் கன்றுக்கும் குழி எடுத்துவையுங்கள். தண்ணீர்த் தட்டை மட்டும் எடுக்க வேண்டாம், ஐப்பசி மழை பிடிக்கும்வரை அது தேவைப்படும்.